தாண்ட வைத்த ஈர்க்குகள்

மச்சாளின் வீட்டில் நான் இருந்ததே பிழை. என் சீதன வீடு கூரை ஏறாமல் நின்றுபோனதால், கைக்குழந்தையோடு கணவரின் அக்காவிடம் வந்து ஒதுங்கியிருந்தேன். கணவருக்குக் கொழும்பில் கிளாக்கர் வேலை. மாதத்தில் ஒருமுறை இரவு ரயிலில், மெயில் கோச்சியில், வருவார். "வீடில்லாமல் வந்தவள்" என்று மச்சாள் அடுப்பைப் பார்த்துச் சொல்வார். அது அடுப்புக்கல்ல.

கணவரின் தகப்பன், என் மாமாவும் அங்கேதான். அந்த வருஷம் அவருடைய கால்கள் இடைவழியில் நின்றுபோகத் தொடங்கின. கக்கூசுக்குப் போகிறவர், நிலத்தில் ஒட்டிக்கொண்டவர் போல நிற்பார். வேட்டி நனைந்த பிறகும் நிற்பார்.

"அப்பு வேணுமெண்டே நிக்கிறார்," என்றார் மச்சாள். "தம்பி வரட்டும். பின் விறகறைக்கு மாத்துவம். சீமெந்து நிலம், கழுவுறது லேசு."

காலில் பழுதில்லை என்று ஆஸ்பத்திரி டொக்டர் சொல்லியிருந்தார். கால் எழும்ப முன்னமே மூளையின் முன்பக்கத்தில் அந்த அடி ஆயத்தமாக வேண்டுமாம். மாமாவுக்கு அந்த ஆயத்தம் கூடி வருவதில்லையாம். "மூளை பிசகின விசர் எண்டுதானே சொல்லுறியள்?" என்று கேட்டுவிட்டு மச்சாள் எழுந்துவிட்டார். நான் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் படித்தவள். தவளையின் மூளையைக் கீறிப் பகுதிகளைக் குறித்தவள். என்றாலும் எனக்குச் சரியாக விளங்கியதா என்று எனக்கே சந்தேகம்.

ஒருநாள் தோட்டத்துக்கு இறைப்பு நடந்தது. தண்ணீர் ஓடிய வாய்க்காலை மாமா ஒரே எட்டில் தாண்டினார். தாண்டியவர் அப்பால் வெறும் தரையில் நின்றுவிட்டார். தானாகத் தொடங்கும் அடிதான் சிக்குகிறதோ? கண்ணுக்கு முன்னால் தாண்ட ஒன்று இருந்தால், மூளை வேறு வழியால் அடியை ஆயத்தப்படுத்துகிறதோ? அடுத்த முறை டொக்டரிடம் கேட்டேன். "இருக்கலாம். செய்து பாருங்கோ," என்றார்.

விளக்குமாற்றில் ஈர்க்குகளை உருவி, கக்கூசுப் பாதையில் ஒவ்வோர் எட்டுக்கும் ஒன்றாகக் குறுக்கே வைத்தேன். மாமா ஒவ்வொன்றாகத் தாண்டிப் போனார்.

"என்ரை காலுக்கு ஏணி வைச்சிருக்கிறாய், பிள்ளை," என்று சிரித்தார்.

ஒருவர் தாண்டும்படி பாதையில் எதையாவது வைத்தால் எங்கள் ஊரில் அதற்குப் பெயர் செய்வினை. அது எனக்குத் தெரியாததா? எப்படி மறந்தேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

கோயிலால் திரும்பி வந்த மச்சாள் பாதையில் நின்றார். "என்ன உது? ஆரைத் தாண்ட வைச்சனீர்?"

"மாமா நடக்கத்தான் மச்சாள். டொக்டரிட்டையும் கேட்டனான்."

"டொக்டர் விளக்குமாத்து ஈர்க்கோ மருந்தெண்டு எழுதினவர்?" வேலிக்கு அப்பாலும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார். "படிச்சவள் எண்டுதான் சொன்னவை. உந்தச் செய்வினையையும் சேத்துப் படிச்சவள் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை!"

ஈர்க்குகளை உப்போடும் காய்ந்த செத்தல் மிளகாயோடும் போட்டு எரித்தார். புகையில் என் பிள்ளை இருமி இருமி அழுதது.

கணவர் வந்த அன்றைக்கே மச்சாள் மாமாவை விறாந்தையில் நிறுத்தினார். "நடவுங்கோ அப்பு. தம்பி பாக்கட்டும்."

"நடக்கிறன், நடக்கிறன்," என்றார் மாமா. முழங்கால் நடுங்கியது. பாதம் கிளம்பவில்லை.

"பாத்தியோ தம்பி? உன்ரை பெண்டிலின்ரை ஈர்க்கு இல்லாட்டி கால் எழும்பாதாம். அப்பிடிக் கட்டிப்போட்டாள்."

கணவர் என்னைப் பார்க்கவில்லை. "விறகறையைக் கூட்டி வையுங்கோ அக்கா," என்றார்.

பிள்ளை இடுப்பில் இருந்தது. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். மாமாவின் பாதங்களுக்கு முன்னால், குறுக்கே, என் வலது காலை நீட்டினேன்.

"மாமா, என்ரை காலைத் தாண்டுங்கோ."

அவர் குனிந்து பார்த்தார். கால் எழும்பியது. என் காலைத் தாண்டி, அந்த வேகத்திலேயே அடுத்த அடியும் வைத்தார்.

"அப்புவுக்குக் காலை நீட்டுறாள்! பாத்துக்கொண்டு நிக்கிறியே!" என்று மச்சாள் கத்தினார்.

"எடு காலை!" என்றார் கணவர். அதற்குள் மாமா முற்றத்தில் இறங்கி நடந்துகொண்டிருந்தார்.

விறகறைப் பேச்சை அதன் பிறகு ஒருவரும் எடுக்கவில்லை. மச்சாள் என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். மாமா கூப்பிடும்போதெல்லாம் நான் முன்னால் போய்க் காலை நீட்டுவேன். மச்சாள் செம்போடு பின்னால் வந்து, என் கால் பட்ட இடத்துக்குத் தண்ணீர் தெளிப்பார்.