ஈரம் ஆகாத அறை

உஷாராணிக்கு வேர்த்தால் கிள்ளான் ஆற்றில் ஒரு சாண் தண்ணீர் ஏறும் என்று பழைய கையுறைத் தொழிற்சாலையில் கேலி பேசுவார்கள். ஒரு சாண் அதிகம். நாலு விரல் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே வேர்வை குற்றமில்லை. ஐம்பது வயதுக்கு மேல் கிள்ளான் பக்கத்து மேரு ஊரிலுள்ள சோடியம் பேட்டரித் தொழிற்சாலைக்கு வந்த பிறகுதான் குற்றமானது.

கேத்தோடு தகட்டில் பூசும் கறுப்புப் பசையைக் கலக்குவது அவள் வேலை. சோடியம் சேர்ந்த அந்தத் தூளுக்கு ஈரத்தின் மேல் பேய்ப்பசி. காற்றில் துளி ஈரம் இருந்தாலும் உறிஞ்சிக் கெட்டுவிடும். பசை அகர் அகர் ஜெல்லி போல உறைந்துபோகும். அதனால் பாலைவனமே நாக்கு வறண்டு தண்ணீர் கேட்கும் அளவுக்கு அந்த அறையைக் காய வைத்திருந்தார்கள். மனிதர் விடும் மூச்சும் ஈரம்தானே என்று இரண்டு பேருக்கு மேல் உள்ளே விடுவதில்லை. ஈரம் கூடினால் சுவர் மீட்டர் சிவந்து அலறும்.

இன்னொருத்தி பெர்னிஸ். சின்னப் பெண், ஆஸ்துமாக்காரி. இன்ஹேலர் இல்லாமல் எங்கும் போகமாட்டாள். வாய் மட்டும் ஓயாது.

உஷாராணிக்கு மாதவிடாய் நிற்கும் காலம். திடீரென்று நெஞ்சிலிருந்து அனல் கிளம்பும். வெள்ளை அங்கிக்குள் குளித்தே விடுவாள். மீட்டர் அலறும்.

"ஆன்டி, உங்களுக்கு மட்டும் உள்ள ஷவர் வச்சிருக்காங்களா லா?"

"வாய மூடுடி. உன் பேச்சாலதான் ஈரமே."

கலவைகள் அடுத்தடுத்து உறைந்தன. சூப்பர்வைசர் லோகன் இருவரையும் வெளியே நிறுத்தினான். "யாரால ஈரம் ஏறுது?"

அந்த அறைக்கு ஆகாதவர்களைத் தூளைச் சுடும் உலைப்பக்கம் அனுப்புவார்கள். சேர்ந்த புதிதில் உஷாராணி அங்கே மயங்கி விழுந்தவள். மறுபடி போனால் பிணமாகத்தான் திரும்புவோம் என்று நினைத்தாள்.

"இவ ஓயாம பேசுறா தம்பி," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பெர்னிஸ் வாயைப் பிளந்து அவளைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "பரவால்ல ஆன்டி. அங்கயாவது பேச்சுத் துணைக்கு ஆளு இருக்கும்."

உலைப்பக்கம் சோடாத் தூள் புகையாகப் பறக்கும். அந்த மாதம் முடிவதற்குள் பெர்னிஸைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள். கைக்குள் காலி இன்ஹேலர். வேன் மருத்துவமனை வாசலை எட்டுவதற்குள் உயிர் போய்விட்டது.

அடக்கம் முடிந்த மறுநாள் உஷாராணி அறையில் தனியாகக் கலக்கிக்கொண்டிருந்தாள். அனல் கிளம்பியது. மீட்டர் அலறியது. வெளியே வந்து லோகன் முன்னால் அங்கியின் ஜிப்பை இறக்கினாள். உள்சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"நான்தான் தம்பி. அவ இல்ல."

"தெரியும்க்கா," என்றான் லோகன். "அவ டீ குடிக்கப் போனப்பவும் ஏறிச்சே. உங்கள மாதிரிக் கலக்க வேற ஆளு இல்ல. அவ புதுசு, அதான் அவள அனுப்பினேன்."

"என்னை உலைக்கு அனுப்பு."

"எதுக்கு? அனல் வந்தா வெளிய வந்து நில்லுங்க. அடங்கினதும் உள்ள போங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமேடா!"

"நீங்களும்தான் சொல்லலையே, அக்கா."

இப்போதும் அனல் வந்தால் உஷாராணி கதவுக்கு வெளியே வந்து நிற்கிறாள். எதிரே உலைப்பக்கம் தெரியும். அடங்கிய பிறகும் அங்கேயே நிற்பாள். லோகன் வந்து இரண்டு முறை கூப்பிட வேண்டும்.