ஏழு முறை செத்த ஞாயிற்றுக்கிழமை

போர்ப் படம் ஓடிக்கொண்டிருந்தால் எனக்குப் பசி தெரியாது. ஞாயிறு மதியம் டிவியில் தமிழில் பேசும் ஆங்கிலப் போர்ப் படம் ஏதாவது வந்தால், என் மனைவி சோற்றுத் தட்டை மடியில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். கூப்பிட்டாலும் திரும்பமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். கடலுக்கடியில் நீர்மூழ்கிக் கப்பல் மூச்சுப் பிடித்துக் கிடக்கும் படம், பனிமலையில் பாலத்தைக் குண்டு வைத்துத் தகர்க்கும் படம், பாலைவனத்தில் பீரங்கி வண்டிகள் புழுதி கிளப்பும் படம், எல்லாவற்றையும் வசனத்தோடு ஒப்பிப்பேன். ஜெர்மன் தளபதி, "டேய், அவன விடாதீங்கடா!" என்று சுத்தத் தமிழ்நாட்டுக் குரலில் கத்தும்போது எனக்குப் புல்லரிக்கும்.

காக்களூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறேன். இந்தப் படங்களைப் பற்றி நான் பேச, சளைக்காமல் சண்டை போட ஒரே ஆள், எங்கள் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக இருக்கும் அண்ணன். எளாவூர்ப் பக்கத்துக்காரர். பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். திங்கட்கிழமை காலை டீக்கு நான் முந்தின நாள் படத்தைச் சொல்ல ஆரம்பித்தால் போதும், அண்ணன் அதைத் தூள் தூளாக்கிவிடுவார்.

"பீரங்கி பக்கத்துல நின்னுகினு டயலாக் பேசறானா? காது கிழிஞ்சிடும் நைனா!"

"சினிமாண்ணா. கொஞ்சம் வுடு."

"சரி, வுட்டுட்டேன். அந்த வெள்ளக்காரன் படத்துல பாலைவனத்துல சண்ட நடக்குதே, அங்க வெள்ளக்காரனுக்காக நம்ம ஆளுங்களும்தான் செத்தாங்க. எங்க ரெஜிமெண்டுல கல்லு வெச்சு பேர் எழுதிகிறோம். படத்துல ஒருத்தனயாச்சும் காட்டுனானா? டீ கொண்டாந்து குடுக்கறவனாகூட காட்டல!"

நான் பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டிருப்பேன்.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு நாள் சினிமாவுக்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்ட் ஒருவர் கேட்டுக்கு வந்தார். தேர்வாய் கண்டிகைக்கு அப்பால் ஒரு வறண்ட ஏரியில் போர்ப் படம் எடுக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமைக்குச் சிப்பாய் வேஷத்துக்கு ஆள் வேண்டும் என்றார். நான் லேத்தை நிறுத்தாமலே கையைத் தூக்கிவிட்டேன். எங்கள் கேண்டீனில் தோசை ஊற்றுபவரும் கரண்டியோடு ஓடிவந்து பெயர் கொடுத்தார். அண்ணன், "சும்மா வேடிக்க பாக்க வரேன்" என்றார். பெயரைக் கொடுக்கும்போது மட்டும் ரொம்பத் தெளிவாகக் கொடுத்தார்.

ஏரிக்குள் இறங்கினால் ஒரே மணல். எல்லையோரப் பாலைவனமாம். கரையில் நின்ற பனைமரங்களை என்ன செய்வது என்று தெரியாமல், சாக்குத் துணியைச் சுற்றிக் காவல் கோபுரம் ஆக்கியிருந்தார்கள். எங்களை வரிசையில் நிறுத்தினார் உதவி இயக்குநர். தொப்பியும் வாக்கிடாக்கியுமாக இருபத்தைந்து வயதுப் பெண்.

"தாடி இருக்கிறவங்க லெஃப்ட்ல வாங்க. இல்லாதவங்க ரைட்!"

எனக்கு நான்கு நாள் தாடி. சோம்பேறித்தனம்தான் காரணம். அண்ணனுக்கு மார்பு வரை தாடி. பட்டாளத்தில் தினமும் விடிவதற்குள் மழிக்கவேண்டும் என்று இருந்ததற்குப் பழிவாங்க, ஊருக்கு வந்த நாளிலிருந்து அவர் கத்தியே வைக்கவில்லை. இருவரும் லெஃப்டில் போய் நின்றோம். கையில் யூனிபார்ம் வந்தபோதுதான் புரிந்தது, லெஃப்ட் எதிரி நாடு. வழவழ முகத்தோடு தோசைக்காரர் இந்திய ராணுவத்தில் சேர்ந்துவிட்டிருந்தார்.

எனக்கு மனசு உடைந்துவிட்டது. இத்தனை வருடம் யாருக்காக விசிலடித்தேனோ அவர்களை எதிர்த்து நிற்பதா? "மேடம்," என்று அண்ணனைக் காட்டினேன், "இவரு நெசமாவே மிலிட்டரி. நம்ம மிலிட்டரி."

"சூப்பர் சார்! அப்ப கன் கரெக்டா பிடிப்பீங்கல்ல? எதிரி சைட்ல ஃபர்ஸ்ட் வரிசைல நில்லுங்க."

அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு அடங்கவே கால் மணி நேரம் ஆனது.

முதல் சாவு ரொம்பச் சுலபம். ஓடவேண்டும், டப்பென்று சத்தம் கேட்டதும் விழவேண்டும். இரண்டாவது, வேறு தொப்பியில். மூன்றாவது, முகத்தில் துணி கட்டிக்கொண்டு. நாலாவது முறை நான் அழகாக விழுந்துகொண்டிருந்தபோது போர்க்களத்துக்குள் நாற்பது ஆடுகள் வந்துவிட்டன. பின்னால் கோலோடு ஒரு அம்மா. "இன்னாடா இது, காட்டு கத்து கத்தினுகிறீங்க? என் ஆடு மெரளுதுல்ல!" இரு நாட்டுப் படைகளும் துப்பாக்கியைத் தாழ்த்தி ஓரமாக நின்று வழிவிட்டோம். என் மேல் ஒரு கிடா ஏறி மிதித்துப் போனதால் ஐந்தாவதாக ஒருமுறை சாகவேண்டியதாயிற்று.

அதற்குள் இந்தப் பக்கத்துச் சாவுக்கும் அந்தப் பக்கத்துச் சாவுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் புரிந்துவிட்டிருந்தது. கதாநாயகனின் நண்பன் சாகக் காலையிலிருந்து மதியம் வரை ஆனது. மூன்று குண்டு வாங்கினார், கடிதம் எடுத்தார், அம்மாவைப் பற்றிப் பேசினார், மண்ணை முத்தமிட்டார். எங்களுக்கு அரை நொடி. கொசு மாதிரி.

உதவி இயக்குநரிடம் கேட்டே விட்டேன். "மேடம், எனக்கும் ஒரு அம்மா இருக்கக் கூடாதா?"

"தாராளமா இருக்கட்டும் சார். ஃப்ரேம்ல மட்டும் வேணாம்."

வேப்பமரத்தடியில் பிரியாணி சாப்பிடும்போது அண்ணன் ஒரு விஷயம் சொன்னார். எல்லையில் இருந்தபோது அவர்கள் முகாமின் பழைய டிவியில் சில நாள் அந்த நாட்டுச் சேனல் எடுக்குமாம். ஒரு தடவை அவர்களுடைய போர்ப் படம் ஓடியது. "அதுல நம்ம சிப்பாயிங்கள பாக்கணுமே! எல்லாம் தொப்ப. ஒருத்தன் குறி வெச்சா ஆகாசத்துக்கு போவுது. அவங்க ஆளு ஒருத்தன் கத்துனா, நம்ம ஆளுங்க அம்பது பேரு ஓடறான். நாங்க முகாமே சிரிச்சு உருண்டோம். அப்புறம் எங்க சுபேதார் சொன்னாரு, 'நம்ம படத்தையும் அவனுங்க இப்டித்தான் பாத்து சிரிப்பானுங்க'ன்னு. அன்னிக்கு ராத்திரி பூரா எனக்கு அதே நெனப்பு."

ஆறாவது சாவுக்கு எழுந்து போகும்போது நான் முடிவு செய்துவிட்டேன். இந்த முறை நான் ஒழுங்காகச் சாகப்போகிறேன்.

தோசைக்காரர் சுட்டார். நான் மார்பைப் பிடித்தேன். விழவில்லை. தள்ளாடினேன், வானத்தைப் பார்த்தேன், முழங்காலிட்டேன், ஒரு பிடி மண்ணை அள்ளினேன். எனக்கே கண் கலங்கிவிட்டது. அதற்கு முன்பே செத்துக் கிடந்த அண்ணன் அதைப் பார்த்து, தவழ்ந்து வந்து என் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "நைனா! என்ன வுட்டுட்டு போறியே!" என்று கதறினார்.

"கட்! கட்!" மைக்கில் இயக்குநரின் குரல் ஏரிக்கரையில் மோதித் திரும்பியது. "யாருய்யா அந்த ரெண்டு பேரு? சீக்கிரம் சாவுங்கய்யா!"

எங்களைச் சுட்ட தோசைக்காரர்தான் முதலில் சிரித்தார். துப்பாக்கியை ஊன்றிக்கொண்டு குனிந்து சிரித்தார். பிறகு அவருடைய படை, எங்கள் படை, கேமரா பிடித்தவர் என்று எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. வாக்கிடாக்கியால் முகத்தை மறைத்துக்கொண்ட உதவி இயக்குநரின் தோள்கள் குலுங்கின. ஏழாவது முறை அரை நொடியில் செத்துக் கொடுத்தேன்.

சில மாதம் கழித்துப் படம் வந்தது. திருவள்ளூர் தியேட்டரில் மனைவி, ஆறாவது படிக்கும் மகள், அண்ணன் என்று ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். என்னைக் கண்டுபிடிப்பது மகளின் பொறுப்பு. சண்டை ஆரம்பித்தது. தியேட்டரே எழுந்து நின்றது. எதிரிகள் விழ விழ என் மகள் சீட்டின் மேல் ஏறிக் குதித்துக் கை தட்டினாள். சொன்னால் வெட்கம், நானும் விரலை மடக்கி விசிலடித்தேன். முகத்தில் துணி கட்டிய ஒருவன் குட்டிக்கரணம் போட்டு விழுந்தபோது என் விசில்தான் பெரிதாகக் கேட்டது. அரை நொடி கழித்துத்தான் அது நான் என்று உறைத்தது.

"அப்பா, நீ எப்பப்பா வருவ?" என்றாள் மகள்.

"வந்துட்டேம்மா. இப்ப கை தட்டுனியே, அது நான்தான்."

வாயைப் பிளந்து என்னையே பார்த்தாள். பிறகு மூச்சு முட்டச் சிரித்தாள். அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண் திரையை விட்டு நகரவில்லை. "எல்லாம் தப்பு தப்பா எடுத்துகிறானுங்க," என்றார். "ஒரு மண்ணும் தெரில. ஆனா செமயா கீதுப்பா. நாளிக்கு இன்னொரு வாட்டி வரலாமா?"

வெளியே வந்து பைக்கை எடுத்தேன். மனைவி பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னாள்:

"அந்த நாட்டுலயும் லேத்து ஓட்டறவரு ஒருத்தரு, நம்ம யூனிபார்ம மாட்டிகினு ஏரியில வுழுந்துகினு இருப்பாருங்க. அவரு பொண்டாட்டியும் என்ன மாதிரியே ஊட்ல எண்ணெ காய்ச்சி இடுப்புக்கு தடவிகினு இருப்பா. அவள பாத்தா நாலு வார்த்த பேசணும்."

சிரித்த சிரிப்பில் எனக்குச் சாவியைத் துவாரத்தில் நுழைக்கவே வரவில்லை. மகள்தான் கையை நீட்டிப் போட்டுக் கொடுத்தாள்.