ஒரு மணி லாரி

கம்பெனியில் எல்லோரும் அவளை ஸ்டாக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு வேண்டிய விரிப்பு, காற்று மெத்தை, சக்கர நாற்காலி எல்லாம் இணையத்தில் விற்கும் சின்னக் கம்பெனி அது. அங்கே இருப்பறை அவள் பொறுப்பு. உள்ளே வரும் சரக்கை எண்ணி, கையெழுத்துப் போட்டு, அலமாரியில் அடுக்க வேண்டும்.

வேலைக்கு அவள் வந்ததே சண்டை போட்டுத்தான். கணவர் லிப்ட் மெக்கானிக். பக்கவாதம் வந்து இடப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. அவருக்காக வாங்கிய காற்று மெத்தை பத்தாம் நாளே ஓட்டை. போனில் கம்பெனியைக் கிழிகிழி என்று கிழித்தாள். எதிர்முனையில் பேசியது முதலாளியேதான், சின்ன வயசுப் பையன். "இவ்வளவு விவரம் தெரியுது உங்களுக்கு. நீங்களே வந்து மெத்தைய எல்லாம் பாத்து அனுப்புங்களேன்" என்றான். மறுநாளே போய் நின்றாள். ஏழு வருஷம் ஆகிவிட்டது.

ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். மதியம் ஒரு மணிக்கு அரை மணி நேரம் வீட்டுக்குப் போக வேண்டும். கணவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். பதினொன்றுக்கும் மூன்றுக்கும் எதிர்வீட்டுத் தையல்காரி வந்து புரட்டுவாள். நடுவில் தையல்காரி கடைத்தெருவில் இருப்பாள். அந்த ஒரு மணி மட்டும் மனைவியின் பங்கு. முதலாளி "போய்ட்டு வாங்கக்கா" என்றான். எந்தத் தாளிலும் எழுதவில்லை. வாய்வார்த்தைதான்.

ஒரு திங்கட்கிழமை முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு, கம்பெனியைப் பெரிய கடை வாங்கிவிட்டது என்றான். ஊருக்கு ஊர் ஆறு மாடிக் கட்டடம் வைத்திருக்கும் கடை. "யாருக்கும் வேலை போகாது" என்று மூன்று தரம் சொன்னான். ஒரு தரம் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள்.

வீட்டில் சேதியைச் சொன்னதும் கணவர் இழுத்து இழுத்துக் கேட்டார்: "கடையோட சேத்து உன்னையும் வித்துட்டானா?"

"ஆமா, பழைய சாமான் கணக்குல" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அடுத்த வாரம் பெரிய கடையிலிருந்து ஒரு மேடம் வந்தாள். முப்பது வயசு இருக்கும். ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தாள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்தரை வரை அரை மணிக்கு ஒரு கட்டம். எந்த நேரத்தில் என்ன வேலை என்று எழுத வேண்டும். அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: பொய்யான தகவல் தந்தால் வேலைநீக்கம்.

பேக்கிங் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் பரீட்சை எழுதுகிற மாதிரி எழுதினார்கள்.

"நான் வண்டியில தூங்குற நேரத்துக்கு என்ன போடுறது?" என்றார் வேன் டிரைவர்.

"இன்ஜின் சூடு தணிக்கிறேன்னு போடுங்கண்ணே" என்றாள் பேக்கிங் செய்கிறவள். "நான் டீ குடிக்கிறதுக்கு 'தரம் பார்த்தல்'னு போட்டுட்டேன்."

காலிக் கட்டம் இருந்தால் அந்த ஆள் வேண்டாம் என்று தூக்கிவிடுவார்கள் என்ற பயம் எல்லோருக்கும். ஸ்டாக் அக்கா ஒரு மணிக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. 'கணவரைப் புரட்டுதல்' என்று எழுத முடியுமா? அக்கம்பக்கம் பார்த்தாள். 'இருப்பு சரிபார்த்தல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது வாரம் சுவரில் புது அட்டவணை ஒட்டினார்கள். பெரிய கடையின் கிடங்கிலிருந்து தினமும் லாரி வரும். நேரம் ஒரு மணி. சரக்கை எண்ணி வாங்குபவர்: இருப்பறைப் பொறுப்பாளர்.

படித்துவிட்டு அங்கேயே நின்றாள். பிறகு மேடத்தின் அறைக்குப் போனாள்.

"லாரி வேற நேரத்துக்கு வரக் கூடாதுங்களா?"

"ஏன்க்கா? உங்க தாளைப் பாத்துதான் அந்த நேரமே வச்சோம். ஒண்ணுலேருந்து ஒண்ணரை வரைக்கும் நீங்க எப்பவும் இருப்பறையிலதானே இருக்கீங்க?"

அடியில் இருந்த அந்தச் சின்ன எழுத்து கண் முன்னால் வந்தது. "ஆமாங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

முதல் நாள் லாரி ஒன்று ஐந்துக்கு வந்தது. எண்பத்தாறு பெட்டி. எண்ணும்போது இரண்டு தரம் எண்ணிக்கை தப்பியது. ஒவ்வொரு பெட்டிக்கும் இடையில் கண் கடிகாரத்துக்குப் போனது. கடைசிக் கையெழுத்துப் போட்டபோது மணி இரண்டு இருபது. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினாள். வீடு ஆறு நிமிட நடை.

கணவர் பதினொன்றுக்குப் படுக்க வைத்த அதே பக்கம் கிடந்தார். விரிப்பு நனைந்து குளிர்ந்திருந்தது.

"லாரி பெருசா?" என்றார்.

"பேசாம இருங்க." புரட்டினாள், துடைத்தாள். இடது இடுப்பு எலும்பின் மேல் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவந்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தாள். அழுத்தின இடம் வெளுத்தால் தோல் இன்னும் உயிரோடு இருக்கிறது. வெளுக்காவிட்டால் உள்ளே புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வெளுத்தது. ஆனால் மெதுவாக. மறுபடி அழுத்தினாள்.

"வலிக்குதாங்க?"

"அந்தப் பக்கம் எனக்கு எது வலிச்சிருக்கு?" என்றார்.

அதுதான் அவளுக்குப் பயம். வலிக்காத உடம்பு கூப்பிட்டுச் சொல்லாது. இப்படி நாலு நாள் போனால் தோல் கிழியும், ஒரு மாதத்தில் எலும்பு தெரியும். கம்பெனிக்குப் போன் செய்யும் வீடுகளில் பாதி அந்தக் கதைதான்.

மறுநாள் பன்னிரண்டரைக்கு மேடத்தின் முன்னால் போய் நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நான் அந்தத் தாள்ல பொய் எழுதிட்டேன் மேடம். ஒரு மணிக்கு நான் வீட்டுக்குப் போறவ. ஏழு வருஷமா."

காரணத்தையும் சொன்னாள். மேடம் பேனாவை மூடி வைத்தாள்.

"இத என்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாமேக்கா. இப்ப நான் மேல அனுப்பியாகணும்."

"அனுப்புங்க. பதில் வர்ற வரைக்கும் ஒரு மணிக்கு நான் போகலாமா?"

"பதில் வர்ற வரைக்கும் லாரி நேரம் மாறாது. அந்த நேரத்துல நீங்க இல்லேன்னா நான் ஆப்சென்ட் போடணும். மூணு ஆப்சென்ட் ஆனா என் கையில எதுவும் இல்ல."

"பதில் எப்ப வரும்?"

"தெரியாது. ரெண்டு நாள்லயும் வரலாம். ரெண்டு வாரமும் ஆகலாம்."

மேடம் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை என்று தோன்றியது. கோபக்காரர்களிடம் கெஞ்சிப் பார்க்கலாம்.

ஒரு மணிக்கு ஸ்டாக் அக்கா இருப்பறைச் சாவியைப் பேக்கிங் செய்கிறவளிடம் கொடுத்தாள். "பெட்டிய இறக்கி மட்டும் வைக்கச் சொல்லு. நான் வந்து எண்ணுறேன்."

"அக்கா, ஆப்சென்ட் போட்டுருவாங்கக்கா."

"போடட்டும்."

தைரியமாகத்தான் சொன்னாள். ஆனால் படியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள். வாசலில் லாரி திரும்பிக்கொண்டிருந்தது. ஓரமாக நின்று அதற்கு வழி விட்டாள். பிறகு வெளியே வந்து, மேடத்தின் ஜன்னலை நிமிர்ந்து பார்க்காமல், வீட்டுக்கு நடந்தாள்.