இப்ராஹீம் பாயின் உப்பும் அயல்நாட்டுக் கவிஞர்களும்

2004ஆம் ஆண்டு ஏப்ரல் பதினெட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொரு மணி. திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பித்துவந்த சிவஞானம், மரக்காணத்தில் இப்ராஹீமின் உப்புக் கிடங்குக்கு முதன்முறையாகச் சென்றார். பெண்கள் சிலர் ஒரு கிலோ பாக்கெட்டுகளில் உப்பை நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் பாக்கெட்டுக்குப் பின்னாடி சாம்பார் வெக்கறது எப்படின்னு போடறான் சார். நம்ம ஊரு பொம்பளைங்களுக்கு அத சொல்லித் தரணுமா? நீங்க வெளிநாட்டுக் கவிஞருங்களப் பத்தி எட்டு வரி எழுதிக் குடுங்க," என்றார் இப்ராஹீம்.

ஷார்ஜாவில் அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த பாலஸ்தீனியரும் சூடானியரும் தத்தம் நாட்டுக் கவிஞர்களைச் சொந்த மாமன் மச்சானைப் போலப் பேசுவார்களாம். அங்கே சம்பாதித்த அனைத்தையும் இந்தக் கிடங்கில்தான் போட்டிருந்தார்.

மாதம் ஒருவராகச் சிவஞானம் எழுதினார். ஊர், பிழைப்பு, சிறை, மரணம் என்று எல்லாம் எட்டு வரிக்குள் அடங்கிவிடும். பாக்கெட் கட்டும் ஜெயா, "இந்த மாசமும் ஒருத்தர சாவடிச்சிட்டீங்களா சார்?" என்பாள்.

டிசம்பருக்கு, கப்பல் கவிழ்ந்து இறந்த தீவுக் கவிஞர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார். 'கடல் அவரைத் திருப்பித் தரவே இல்லை' என்று கடைசி வரி முடிந்தது.

தாளைப் படித்த இப்ராஹீம் தயங்கினார். "கடல்ல போனவரு வேணாமே சார். நம்ம சரக்குல பாதி மீனவக் குப்பத்துக்குத்தான் போவுது."

"அந்தக் கடைசி வரிக்காகத்தான் அவரையே எடுத்தேன் பாய்."

"சரி, படிச்சவரு சொல்றீங்க. போட்டுடலாம்."

பாக்கெட்டுகள் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. மாதத்தின் நான்காம் ஞாயிறன்று அலை வந்தது.

சேதம் விசாரிக்கச் சிவஞானம் கிடங்குக்கு வந்திருந்த அன்று, குப்பத்து மளிகைக் கடைக்காரர் பக்தவச்சலம் ஒரு டெம்போவில் மூட்டைகளைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார். கையில் ஒரு பாக்கெட் கசங்கியிருந்தது.

"எங்க அக்கா பையன இன்னும் தேடிக்கினு இருக்கோம் பாய். அடுப்பு மூட்டி உப்ப எடுத்தா, அதுல இத எழுதி வெச்சிருக்குது. எவன்யா இத எழுதனது?"



"நாந்தாம்பா போடச் சொன்னேன்," என்றார் இப்ராஹீம். "எனக்குத்தான் புத்தி இல்லாம போச்சு. மன்னிச்சுக்க."

பாக்கெட்டை மாற்றி அனுப்பிய சரக்கும் திரும்பி வந்தது. இப்ராஹீம் பாய் உப்பு என்றாலே பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் கிடங்கு கைமாறியது. மகன் நிஷாத் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வளைகுடாவுக்குப் போனான். இப்ராஹீம் வேறொருவரின் உப்புக் களத்தில் எடை போடும் வேலைக்குச் சேர்ந்தார்.

2006இல் சிவஞானம் அங்கே போய்ப் பார்த்தார்.

"பாய், அன்னைக்கு நீங்க வேணாம்னு சொன்னீங்க. நான்தான்…"

"டீ ஆறுது, குடிங்க சார். லாரி வந்துருச்சு, எடை போட்டுட்டு வர்றேன்," என்று இப்ராஹீம் எழுந்து போனார்.

அந்த ஐப்பசியில் காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பக்தவச்சலத்திடம் போய் உண்மையைச் சொல்லுங்கள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. சிவஞானமும் போகவில்லை. குப்பத்தாருக்கு அது கடைசிவரை இப்ராஹீம் பாய் எழுதிய வரியாகவே இருந்தது.