சைவக் கோழி தின்ன கதை

முனை வீட்டுக்காரி கார் மாத்துனது கெடக்கட்டும் சரோஜா. உன் பையில இருக்கிறது என்ன, சைவக் கோழி பாக்கெட்டா? உக்காரு. முருகன் எனக்குப் பண்ணத உன்கிட்ட சொல்லியே ஆகணும்.

என் பேத்தி கொறமாசத்துல பொறந்தா இல்ல? அவ பொழைச்சா ஆயுசுக்கும் கவிச்சி தொடமாட்டேன்னு பத்துமலையில வேண்டிக்கிட்டேன். அவளுக்கு இப்ப ஆறு வயசு. ஆனா நாக்கு கேக்குமா? சீனர் கடை ஃப்ரீசர்ல சோயாவுல செஞ்ச சைவக் கோழி, சைவ மட்டன், சைவ சாசேஜ், சைவ மீன்கூட தோலோட இருக்கும் லா. எனக்குப் படிக்கத் தெரியாது. பாக்கெட் மேல பச்ச எல படம் போட்டிருந்தா எடுத்துக்குவேன். காலையில பாக்கெட் மீ நூடல்ஸ், மத்தியானம் மட்டன் பெரட்டல், சாயந்தரம் சாசேஜ். "அம்மா, இது வேண்டுதலா, கல்யாண விருந்தா?"ன்னு மவன் கேலி பண்ணுவான்.

போன தைப்பூசம் முடிஞ்சு, வெளிக்குப் போறப்ப ரத்தம். மூலம்னு நெனச்சேன். வெக்கம், யார்கிட்டயும் சொல்லல. மூணு மாசம் கழிச்சு பாசார் சந்தையில மயங்கி விழுந்தேன். ஆஸ்பத்திரியில கொடல்ல கேமரா விட்டுப் பாத்தாங்க. கட்டி. எடுத்தாச்சு, கேன்சரா இல்லையான்னு ரெண்டு வாரத்துல தெரியும்னாங்க.

அந்த ரெண்டு வாரம் நான் செத்த மாதிரிதான். சோறு எறங்கல. எந்தப் பொடவ யாருக்குன்னு பிரிச்சு வெச்சேன். முருகா, உனக்காகத்தானே நாக்கக் கட்டினேன், எனக்கா இதுன்னு சாமி ரூம சாத்திட்டேன். வெளக்கு ஏத்தல. "பாட்டி, சாமி தூங்குதா?"ன்னு பேத்தி கேட்டா. ஆமான்னேன். சொல்லிட்டு அழுதுட்டேன்.

ரிசல்ட்டுக்கு மொத நாள் கதவத் தொறந்தேன். பொழைக்க வைன்னு கேக்கல சரோஜா. நான் என்ன தப்பு பண்ணேன், அத மட்டும் காட்டுன்னேன்.

மறுநாள் டாக்டர், நம்ம தமிழ்ப் பொண்ணு, "ஆன்டி, கேன்சர் இல்ல. விட்டிருந்தா ஆயிருக்கலாம்"னா. அப்புறம் தினம் என்ன சாப்புடுறீங்கன்னு கேட்டா. சுத்த சைவம்னு நெஞ்ச நிமித்தி எல்லாத்தையும் சொன்னேன். பேனாவ கீழ வெச்சா.

"சைவம் சரி ஆன்டி. உங்க தட்டுல காய் எங்க?"

இதனாலதான் கட்டி வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாதாம், வயசும் ஒரு காரணமாம். ஆனா ஃபேக்டரியில செஞ்சு பாக்கெட்ல அடைச்சதையே தினம் தின்னா, சக்கரை, இருதயம், கேன்சர், எல்லாத்துக்கும் ஆபத்து கூடுமாம். நான் முருகன்கிட்ட கேட்டதுக்கு அவ வாயில பதில் வந்துச்சு.

வீட்டுல மவன பாக்கெட்டப் படிக்கச் சொன்னேன். உள்ள போட்டிருக்கிற சாமான்ல பாதியோட பேரு அவன் வாயிலயே நொழையல. அதுல என் அடுப்படியில இருக்கிறது உப்பும் எண்ணெயும் மட்டுந்தான்.

பயம் போயிருச்சுன்னு பொய் சொல்லமாட்டேன். மறுபடியும் கேமரா போடணும்னு சொல்லியிருக்காங்க. ஆனா வெளக்கு ஏத்துறேன், கீர ஆயுறேன், உசுரோட இருக்கேன். நீயும் முருகன்கிட்ட கேளு சரோஜா, பதில் புடிக்காட்டியும் கேட்டுக்க. ரத்தம் கண்டா மட்டும் என்ன மாதிரி வெக்கப்பட்டு ஒளிச்சு வெக்காத, டாக்டர்கிட்ட ஓடு.

அந்தப் பாக்கெட்ட அங்கயே வெச்சிரு... ஐயோ, இரு, அடுப்புல பூசணிக்கா அடிபுடிக்குது. உள்ள வா, ஒரு கிண்ணம் சாப்புட்டுப் போ.