அக்கா கைகாட்டிய விமானங்கள்

அந்த விமானங்கள் எங்கள் ஊருக்கு மேலால் பறந்த அன்று, அத்தான் செத்த செய்தி எனக்குத் தெரிந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. அக்காவுக்குத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்னப் பெண், எனக்கென்ன தெரியும் என்று நழுவ எனக்கு விருப்பமில்லை. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கொக்குவிலில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பித்துக்கொண்டிருந்தேன்.

அத்தானுக்கு மலாயாவில் றெயில்வே உத்தியோகம். சண்டை அந்தப் பக்கம் வருவதற்குச் சற்று முன், அக்காவையும் கைக்குழந்தையையும் கப்பலேற்றி எங்களிடம் அனுப்பிவிட்டார். யப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததோடு கடிதம் நின்றது. மூன்றரை வருஷம் அக்கா விரதம் பிடித்தாள். காலையில் எழும்பினால் தாலிக்கொடியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் முகம் கழுவப் போவாள்.

சண்டை முடிந்ததும் ஊரில் வீடு வீடாக மலாயாக் கடிதங்கள் வந்தன. எங்களுக்கு வந்த கடிதம் தெரியாத கையெழுத்தில், எங்களைப் பெற்ற ஐயாவின் பெயருக்கு. ஐயாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. கிணற்றடியில் நின்ற என்னிடம் கொண்டுவந்து, “பிள்ளை, சத்தம் போடாமல் வாசி” என்றார். அத்தானோடு வேலைசெய்த சீனர் ஒருவர் எழுதியிருந்தார். சண்டை முடிய ஏழெட்டு மாதம் இருக்கும்போது, யப்பான்காரனின் சாமான் வண்டிகள் நின்ற றெயில்வே யார்டில் குண்டு விழுந்ததாம். அத்தானும் அங்கே வேலைக்கு நின்றிருக்கிறார். குண்டு போட்டவை யப்பானோடு சண்டைபிடித்த எங்கள் பக்கத்து விமானங்கள் என்று எழுதி, அதன் கீழே கோடும் இழுத்திருந்தார்.

ஐயா கடிதத்தை வாங்கி மடித்து மடியில் செருகினார். “உன்ரை கலியாணத்துக்கு இன்னும் பதினாறு நாள் கிடக்கு” என்றார்.

எங்களில் சாவைக் கேள்விப்பட்ட நாளிலிருந்துதான் துடக்கு என்கிற தீட்டு. அக்காவின் காதில் விழுந்தால் அவளுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. வீட்டில் ஒரு வருஷத்துக்கு நல்ல காரியம் இல்லை. விழாத வரைக்கும் அவள் சுமங்கலி. எனக்கோ மூன்று சம்பந்தம் குழம்பி நாலாவதாகத்தான் இந்த மாப்பிள்ளை அகப்பட்டிருந்தார். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். எனக்காக ஒரு வருஷம் காத்திருக்க அவருக்கு என்ன விசரா?

“ஓம் ஐயா” என்றேன். யோசித்துச் சொன்னேன் என்று சொல்லக்கூட வழியில்லை.

ஐயா முழுவியளம் பார்க்கிறவர். வெளிக்கிடும்போது எதிரே வருகிறவர் யார் என்று பார்த்துத்தான் காலெடுத்து வைப்பார். கலியாணச் சாமான் வாங்கச் சுன்னாகம் போகிற நாட்களில், ஒன்றும் அறியாத அம்மா, “மூத்தவளை எதிரே வரச் சொல்லுறன், நில்லுங்கோ” என்பாள். அக்காவும் பூவும் பொட்டுமாக ஓடிவருவாள். ஐயா எதையோ மறந்தவர்போலத் திரும்பி, வளவைச் சுற்றிப் பின்படலைக் கதவால் போவார். பெற்ற மகளுக்கு அழாதவர், சகுனத்தை மட்டும் விடவில்லை. எனக்கு அவர்மேல் அருவருப்பு வந்தது. என்மேல் வரவில்லை, கலியாண வேலை தலைக்கு மேல் கிடந்தது.

அந்தக் கிழமைதான் ஊர்த் தலைவர் விதானையார் சொல்லி அனுப்பினார்: குண்டு போடப் போய்த் திரும்பிவராத விமானக்காரரின் நினைவாகப் பெரிய விமானங்கள் ஊர்மேலால் பறக்கும், எல்லாரும் பள்ளிக்கூட வெளிக்கு வரவேண்டும், மலாயாக் குடும்பங்கள் இருக்க முன்வரிசை வாங்கு. அக்காவுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. அத்தான் சிங்கப்பூரில் வாங்கிக் கொடுத்த நாவல்நிறச் சேலையை உடுத்தாள். மகளுக்கு இரட்டைப் பின்னல் போட்டாள். நானும் போனேன். போகாவிட்டால் ஏன் என்று கேட்பாளே.

தலைமை வாத்தியார் நெடுநேரம் பேசினார். மலாயாவை மீட்ட வீரர் என்றார். போனவர்களில் பல பேர் திரும்பவில்லை, எல்லாரும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பொடியன்கள் என்றார். பொய்யில்லை, அவர்களும் பாவம்தான். பிறகு இரண்டு நிமிஷம் மௌனமாக நிற்கச் சொன்னார். அக்கா என் பக்கத்தில் கண் கலங்கி நின்றாள். “ஆர் பெத்த பிள்ளையளோ” என்று என் காதுக்குள் சொன்னாள். நான் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தெற்கிலிருந்து மூன்று வந்தன. நாலு எஞ்சின் விமானங்கள், பனை வட்டுக்குச் சற்று மேலால். வாங்கு அதிர்ந்தது. அக்காவின் மகள் வீரிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அக்கா சிரித்துக்கொண்டே அந்தக் கைகளைக் காதிலிருந்து இழுத்தெடுத்து, மேலே தூக்கி ஆட்டினாள்.

“கை காட்டு குஞ்சு! உவையெல்லோ அப்பாவைக் காப்பாத்தினவை. கை காட்டு!”

குழந்தை அழுதுகொண்டே கை காட்டியது. விமானங்கள் கடல் பக்கம் போய் மறைந்தன. அக்கா தாலிக்கொடியை எடுத்துக் கண்ணில் ஒற்றினாள். சொல்லிவிடலாம் என்று அந்த ஒரு நிமிஷம் எனக்கு நெஞ்சு வரைக்கும் வந்தது. கலியாணத்துக்கு இன்னும் ஐந்து நாள்தான் என்று எண்ணினேன். விழுங்கிவிட்டேன்.

கலியாணத்தில் எனக்கு ஆலாத்தி எடுத்தவளும் அக்காதான். கலியாணத்தின் நாலாம் நாள் சடங்கு முடிந்த பின்னேரம் ஐயா அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அவள் வெளியே வந்து நேரே என்னிடம் குசினிக்கு வந்தாள். கடிதம் கையில் இருந்தது.

“ஐயாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நீதானே வாசிச்சுச் சொன்னனி?”

“ஓம்.”

“அப்ப, அண்டைக்குப் பள்ளிக்கூட வெளியிலை நிக்கேக்கை உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“பிள்ளை காதைப் பொத்தினவள். நானெல்லோ அவளின்ரை கையை இழுத்து ஆட்டினனான். அதையும் பார்த்துக்கொண்டோ நிண்டனி?”

“ஓம் அக்கா.”

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். என் கழுத்தைப் பார்த்தாள். புதுத் தாலிக்கொடி சட்டையில் சிக்கி முறுகிக் கிடந்தது. கையை நீட்டி, அதை எடுத்து நேராக்கிவிட்டாள்.

“போ. மாப்பிள்ளைக்குச் சோறு போடு” என்றாள்.

அடுத்த நாள் காலை அவளுடைய கொடியைக் கழற்றுவதென்று முடிவாயிற்று. புதுப்பெண் அதைப் பார்க்கக்கூடாது என்று, என்னையும் அவரையும் விடியமுன்னமே கரவெட்டிக்கு, அவருடைய வீட்டுக்கு அனுப்பினார்கள். வண்டி முன்படலையில் நின்றது. அக்கா முற்றத்தில், நாங்கள் போகும் வழிக்கு எதிரே இருந்தாள். ஐயா வளவைச் சுற்றி நடந்தார். நானும் அவருக்குப் பின்னால், பின்படலையால் போனேன்.