அமிர்தவல்லி அம்மாளின் முத்துகள்

2024 ஜூலை 5 அன்று, பெரிய மார்க்கெட் அருகிலுள்ள இலவசப் பிரசவ விடுதியின் வாசலில் நிற்கும் அமிர்தவல்லி அம்மாளின் கருங்கல் மார்பளவுச் சிலைக்குக் கன்னங்களில் சுவருக்குப் பூசும் பட்டியைப் பூசி நிரவி, முகம் முழுவதும் தங்க நிற பெயிண்ட் அடித்தார்கள். செதுக்கியவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விடுதியை நடத்தும் அறக்கட்டளையின்மீது தனக்கொடி வைக்கும் குற்றச்சாட்டு இதுவே.

தனக்கொடி தவளக்குப்பத்துக்காரி, தெருத்தெருவாக அம்மி கொத்தியவள். எந்தச் சிற்பியிடமும் பாடம் கேட்டவள் அல்லள். உடைந்த ஆட்டுக்கல்லில் முதலில் மூக்கு, பிறகு உதடு என்று தானே கொத்திப் பழகினாள். அப்படி உருவான முகம் ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் அமிர்தவல்லி அம்மாள் ஆள் அனுப்பி அவளை அழைத்தார். அரிசி ஆலைகளின் சொந்தக்காரர். ஏழைப் பெண்களுக்கென்று அந்த விடுதியைக் கட்டியவர். சிறு வயதில் வார்த்த அம்மை அவர் முகமெங்கும் முத்து முத்தாகத் தழும்பு விட்டிருந்தது.

“ஏண்டி, என் மூஞ்சியக் கொத்துவியா?”

“நான் கொத்த என்னம்மா மிச்சம் இருக்குது? ஆத்தாளே கொத்தி வச்சிட்டாளே!”

வெற்றிலை புரையேறும் அளவுக்கு அம்மாள் சிரித்தார். “ஆத்தா போட்ட முத்துடி இது. ஒண்ணு கொறஞ்சாலும் வீராம்பட்டினத்துல அவ தேருக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கினு போவேன்?”

அம்மி கொத்தும் அதே உளியால்தான் தனக்கொடி ஒவ்வொரு முத்தையும் இட்டாள். அம்மாள் மறைந்தபின் சிலையைத் திறந்த அன்று, கூடையோடு போன மீன்காரப் பெண்களில் ஒருத்தி நின்றுவிட்டாள். “அடியே, அம்மாவே பாக்குதுடி!” என்று கல் கன்னத்தைத் தடவி விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தனக்கொடி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஊர் திரும்பினாள். அதுமுதல் பிரசவத்துக்கு வரும் பெண்கள் அந்த முத்துகளைத் தொட்டுவிட்டே உள்ளே போகலானார்கள். பெயிண்ட் அடித்தபின் ஒருத்தியும் தொடுவதில்லை.

அறக்கட்டளைச் செயலாளர் கோபிநாத், அம்மாளின் தங்கை மகன். தனக்கொடி திறப்பு விழாப் படங்களையும் சிலை செய்யச் சொன்ன கடிதத்தையும் வரிசையாக அவர் மேசையில் வைத்தாள்.

“பெரியம்மா அழகா இருக்கட்டுமேன்னுதான் பண்ணோம்கா.”

“அழகாத்தான் இருக்குது சார். யாருன்னுதான் தெரியல.”

அவர் படத்தைப் பார்த்தார். சன்னல் வழியே சிலையைப் பார்த்தார். “சரிக்கா, பாத்து செஞ்சிடலாம்.”

போன முறையும் இதையேதான் சொன்னார். தனக்கொடி எழுந்திருக்கவில்லை. உளிப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“வாயால சொன்னது போதும் சார். அந்தப் பட்டிய நானே சுரண்டி எடுக்கறேன். எனக்கு அனுமதி உண்டா, இல்லியா? வீராம்பட்டினம் தேருக்கு முன்னாடி எழுதிக் குடுங்க. கையெழுத்தும் சீலும் போட்டு.”